இருபத்துநாலு கடிக்காது

பாடாங் செராய் ஆலையில்
இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதியபின்
அஸ்மான் தன் ஆள்காட்டி விரலை
என் மேசைமேல் வைத்தான், புகார்க் கடிதம்போல.
நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"நீராவி வால்வை அணைத்தேன். சுவிட்ச் கடித்துவிட்டது."
எஸ்டேட் லைனில் எங்களோடு வளர்ந்தவன்,
வலித்தால் தமிழில்தான் பேசுவான்.

உதவி மேனேஜர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்:
இருபத்துநாலு வோல்ட். டிசி. கடிக்க வாய்ப்பில்லை.
ஊழியரின் கவனக்குறைவு.

கணக்கு அவர் பக்கம்தான்.
வால்வுச் சுருளின் தடை நாற்பத்தெட்டு ஓம்.
வகுத்தால் அரை ஆம்பியர்,
அரை ஆம்பியரை வைத்துக்கொண்டு யாரை மிரட்ட முடியும்?

ஆனால் அது ஓடிப் பழகியபின் உள்ள கணக்கு.
தொடங்கும்போதும் நிற்கும்போதும்
சுருளுக்கு வேறு வாய்ப்பாடு.

சுவிட்சைப் போட்ட கணம், அது வரமாட்டேன் என்கும்.
மின்னோட்டம் பூஜ்யத்தில் நிற்கும்.
இருபத்துநாலும் சுருளின் எதிர்ப்புக்கே போகும்,
தடைக்கு அப்போது வேலையே இல்லை.
பிறகு மெல்ல விட்டுக்கொடுக்கும்:
ஐம்பது மில்லிநொடியில் நூற்றுக்கு அறுபத்துமூன்று,
அடுத்த ஐம்பதில் மிச்சத்தில் அறுபத்துமூன்று பங்கு,
அதற்கடுத்து மிச்சத்தின் மிச்சத்தில்.
முழுசாக ஒருநாளும் எட்டாதாம்.
கால் நொடி போனபின் அதை யார் கேட்கிறார்கள்!
சுருள் வெறும் கம்பியாகிவிட்டது,
உள்ளே செம்பனைக் குலைகள் வேகின்றன.

அணைக்கும்போதுதான் விவகாரம்.
வரமாட்டேன் என்றது
இப்போது போகமாட்டேன் என்கும்.
அரை ஆம்பியர் ஓடியே ஆகவேண்டும், பாதையோ இல்லை.
பாதை இல்லாவிட்டால் சுருள் அதை விலைக்கு வாங்கும்:
நூறு வோல்ட், முந்நூறு, ஐந்நூறு,
காற்றைக் கிழித்து, தகட்டைக் கரித்து,
அல்லது மூடி உடைந்த சுவிட்சின் அடியில்
வியர்த்த விரல் ஒன்று கிடைத்தால்
அதன் வழியே.

சொன்னால் நம்பமாட்டார்கள்.
ஆ ஹெங் கடையில் ஒரு ரிங்கிட் இருபது சென்னுக்கு
சின்ன நியான் விளக்கு வாங்கிவந்தேன்.
எண்பது வோல்ட் இல்லாமல் கண் திறக்காத ஜாதி.
சுருளின் இருமுனையிலும் கட்டினேன்.
போட்டேன்: இருட்டு.
அணைத்தேன்: சிவப்பாக ஒரு துள்ளல்.

"மறுபடி," என்றார் உதவி மேனேஜர்.
மறுபடி துள்ளியது.
வெளியே பழ லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
அவர் குனிந்தே கேட்டார்:
"இதைத் தடுக்க ஒரு டயோடு இருக்குமே. எங்கே?"

இருந்தது. மார்ச் மாதம்வரை.
அணைத்தபின் மின்னோட்டம் அதன் வழியே
சுற்றிச் சுற்றி நடந்து, ஆறுதலாகச் செத்தது.
அதனால் வால்வு தாமதமாக மூடியது.
அதனால் அலாரம் அடித்தது, இரவு முழுக்க.
கட்டரை எடுத்து நான்தான் நறுக்கினேன்,
நாளைக்கு வேறு வைக்கலாம் என்று.
அலாரம் அடங்கியது. நாளை வரவில்லை.

கவனக்குறைவு என்ற சொல் சரிதான்.
அதற்கு முன்னால் நின்ற சொல்தான் தப்பு.

அன்றிரவே புது டயோடு,
அதோடு தொடராக நாற்பத்தெட்டு ஓம் தடை ஒன்று.
தடை இரட்டிப்பானதால் நேரம் பாதி.
சுருள் இன்னும் உதைக்கும்,
ஆனால் இன்னொரு இருபத்துநாலு அளவுக்குத்தான்.
உதையே வேண்டாம் என்றால் காத்திருக்கவேண்டும்,
காத்திருக்க முடியாதென்றால்
கொஞ்சம் உதை வாங்கவேண்டும்.
சுவிட்சுக்குப் புது மூடியும் போட்டேன்.

அஸ்மான் பிளாஸ்டர் ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டு
கட்டைவிரலால் பத்துமுறை அணைத்துப் பார்த்தான்.
நியான் எரியவில்லை. அலாரமும் அடிக்கவில்லை.
விளக்கைக் கேட்டு வாங்கி
மோட்டார்சைக்கிள் சாவியில் கோத்துக்கொண்டான்.

அறிக்கையில் "ஊழியரின்" என்பதை அடித்தேன்.
மேலே எழுதினேன்: இந்துராணி, மின்பிரிவு.
மிச்சத்தை அப்படியே விட்டேன்.